ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் ஓடாது: பாத்திரம் கழுவும் மெசினுக்கு என்ன வருத்தம்?

கொக்குவில் குசினி:
வணக்கம். ஜேர்மனியில் வீடு மாறியபோது அக்கா தன்னுடைய டிஷ்வொஷரைப் பெட்டி கட்டிக் கப்பலில் எனக்கு அனுப்பிவிட்டா. எனக்கு முழங்கால் நோ, குந்தியிருந்து சட்டி தேய்க்க ஏலாது. வந்து நாலு மாதம். ஓடும் நாளில் மீன்சட்டி மணம்கூட இல்லாமல் கழுவித் தரும். ஓடாத நாளில், பொத்தானை அழுத்தியதும் பழைய தண்ணீரைத் தள்ளும் சத்தம், பிறகு ‘ஸ்ஸ்’ என்று தண்ணீர் எடுக்கும் சத்தம், ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். தண்ணீர்க்குழாய் படம் போட்ட விளக்கு மின்னும். கதவைத் திறந்து பார்த்தால் அடியில் இரண்டு சிரட்டைத் தண்ணீர்.

திருத்த வந்தவர் முன்னால் நல்ல பிள்ளையாக ஓடியது. ஆனாலும் ‘உள்ளே இருக்கும் எலெக்ட்ரோனிக் போர்ட் மாற்ற வேணும்’ என்று ஒரு விலை சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு வருடம் ஆள் வைத்துக் கழுவலாம். யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

பழைய வயர்மன்:
பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வோல்டேஜ் பாருங்கள். 230-இல் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். 216-க்குக் கீழே போனால் மின்சாரம் தருபவர்களிடம் முறையிடலாம். இன்னொன்று, ஜேர்மன் பிளக் உருண்டை முள். அதை எப்படிச் செருகி வைத்திருக்கிறீர்கள்? பயண அடப்டர் என்றால் இன்றைக்கே கழற்றுங்கள். அந்தப் பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது, மலிவு அடப்டர்கள் அதைத் தொடாது. தண்ணீர் சூடாக்கும்போது 2000 வோட் இழுக்கும், ஒன்பது அம்பியர் வரும். 13 அம்பியர் சதுர முள் பிளக் ஒன்றை நேராகப் பூட்டுங்கள்.

இணுவில் கிணற்றடி:
அக்கா, போர்டை விடுங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு மோட்டர் போட்டுத் தாங்கியை நிரப்புகிறீர்கள்? ஓடாத நாட்கள் எவை?

கொக்குவில் குசினி:
தம்பி, நீங்கள் கேட்ட பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். காலை ஆறரைக்கு மோட்டர் போடுவோம். காலையில் போட்டால் ஒருநாளும் நின்றதில்லை. திருத்த வந்தவரும் காலை எட்டு மணிக்குத்தான் வந்தார். வெள்ளி இரவில் ஒருநாளும் ஓடியதில்லை; மெசினும் வெள்ளி விரதம் பிடிக்குது என்று சிரித்தோம். வெள்ளியில் வீட்டில் ஐந்து பேரும் முழுகிறது. தாங்கியில் என்ன மிஞ்சும்!

இணுவில் கிணற்றடி:
அப்ப அதுதான், தாங்கியில் தண்ணீர் குறைய அழுத்தமும் குறையும். பத்து மீற்றர் உயரம் என்றால் ஒரு பார் அழுத்தம். மெசினோடு வந்த புத்தகத்தில் குறைந்தது எத்தனை பார் என்று போட்டிருக்கும், பல மெசின்களில் 0.5. உங்கள் தாங்கியின் அடி, மெசினுக்குத் தண்ணீர் போகும் இடத்திலிருந்து எவ்வளவு உயரம்? அதோடு பைப்பை மூடிவிட்டு மெசினுக்குப் போகும் ஹோசைக் கழற்றுங்கள். ஹோசின் வாயில் சின்ன வலை ஒன்று இருக்கும். குறட்டால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நம் யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக்கல்லில் வெட்டியது, வலைக்கு அது நல்லதில்லை.

கொக்குவில் குசினி:
மகனை ஏணியில் ஏற்றி அளந்தோம். தாங்கியின் அடிவரை பதினாலு அடி, நிரம்பினால் பதினெட்டு. நீங்கள் சொன்ன கணக்குப்படி அடியில் 0.43 பார், நிரம்பினால் 0.55. புத்தகத்தில் 0.5 என்றுதான் இருக்கிறது. அரைத் தாங்கியில் கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி!

வலையைப் பார்த்து வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளை மணல் பாதி, கறுத்த பாசி பாதி, நடுவில் பைப் ஒட்டிய பசையின் ஒரு துண்டு. பழைய பல்துலக்கியால் தேய்த்து, வினாகிரியில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். முன்பு ஹோசில் ஒரு லீற்றர்ப் போத்தல் நிரம்ப இருபத்து நாலு செக்கன், இப்போது ஒன்பது. அரைத் தாங்கியோடு மூன்று இரவு போட்டேன், மூன்றும் ஓடியது. நேற்று வெள்ளி. கால்வாசித் தண்ணீரில் போட்டேன், நின்றது. மோட்டரைப் போட்டு நிரப்பிவிட்டு மறுபடி அழுத்த, பேசாமல் ஓடியது.

வடமராட்சி:
சின்ன பிரஷர் பம்ப் ஒன்று பூட்டினால் இந்தக் கரைச்சலே இல்லையே? தண்ணீரின் சுண்ணாம்பைக் குறைக்க மெசினுக்கு உப்பும் போடுகிறீர்களா? கேத்திலில் வெள்ளையாகப் படிகிறது மெசினுக்குள்ளும் படியும்.

கொக்குவில் குசினி:
பம்ப் இப்போதைக்கு வேண்டாம், வெள்ளி இரவில் மோட்டர் போட்டால் போதும். உப்புப் போடும் கிண்ணத்தில் அக்கா அனுப்பிய உப்புத்தான் போடுகிறேன், அது முடியப் போகுது. கறிக்குப் போடும் அயடின் உப்புப் போடக்கூடாதாம். ஆனையிறவுக் கல்லுப்புப் போடலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

வடமராட்சி:
கல்லுப்பில் மண்ணும் வேறு உப்புகளும் கலந்திருக்கும், உள்ளே அடைக்கும். இந்த மெசினுக்கென்றே வரும் உப்பை வாங்குங்கள். கொழும்பிலிருந்து யாரும் வந்தால் சொல்லிவிடுங்கள்.

பழைய வயர்மன்:
எல்லாம் சரி. பிளக் மாற்றினீர்களா?

கொக்குவில் குசினி:
நாளைக்கு.