‘ஹோல்ட் ஸ்டில்’ என்றால் என்ன? – கொக்குவில் வீட்டார் குழு

சுகந்தி சித்தி (ரொறன்ரோ): சின்னவனுக்குத் தலைமயிர் வெட்டின வீடியோ. சலூன்காரன் பட்ட பாடு 😄

அம்மம்மா: வடிவாய் இருக்கிறான் என் குஞ்சு. அந்தப் பெடியன் ‘ஹோல்ட், ஹோல்ட்’ என்று எதைப் பிடிக்கச் சொல்கிறான்? கதிரையையா?

மதுரா: 😂 ‘ஹோல்ட் ஸ்டில்’ அம்மம்மா. ஆடாமல் இருக்கச் சொல்கிறான்.

பெரிய மாமா: அம்மா கேட்டது சரிதான். ஹோல்ட் என்றால் பிடி மட்டுமில்லை, இருக்கிற நிலையை விடாமல் வைத்திரு என்றும் வரும். எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார்களே, அங்கேயும் இதே ஹோல்ட்தான். ஊசி போட, படம் எடுக்க, காலில் முள் எடுக்க, அந்த வேலை முடியும் மட்டும் ஆடாமல் இருங்கோ என்பதற்குத்தான் ‘ஹோல்ட் ஸ்டில்’.

ரமணன் அண்ணா (லண்டன்): இங்கே ‘கீப் ஸ்டில்’ என்பார்கள். ‘ஹோல்ட் ஸ்டில்’ கூடுதலாக அமெரிக்கா, கனடாப் பக்கத்துப் பேச்சு.

துவாரகன்: ஸ்டில் என்றால் ‘இன்னும்’ என்றல்லவா படித்தோம் மாமா?

பெரிய மாமா: அதுவும் சரி. அது நிற்கிற இடத்தைப் பார். ‘ஹீ இஸ் ஸ்டில் ஸ்டாண்டிங்’ என்றால் இன்னும் நிற்கிறான். ‘ஹீ இஸ் ஸ்டாண்டிங் ஸ்டில்’ என்றால் ஆடாமல் நிற்கிறான். ஓ.எல். பரீட்சைத் தாளில் மாற்றி எழுதிவிடாதே. இறந்தகாலம் ‘ஹெல்ட் ஸ்டில்’.

துவாரகன்: ‘ஸ்டே புட்’டும் இதுதானே?

பெரிய மாமா: இல்லையடா. அது இடத்தை விட்டுப் போகாதே என்பது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நில், வந்து ஏற்றுகிறேன் என்றால் ‘ஸ்டே புட்’. நீ கச்சான் சாப்பிடலாம், காலாட்டலாம். மினிபஸ்ஸில் ஏறிப் போகத்தான் கூடாது.

மதுரா: அப்ப படங்களில் பொலிஸ் கத்துகிற ‘ஃப்ரீஸ்’?

ரமணன் அண்ணா (லண்டன்): அசையாமல் அப்படியே நில் என்பது. அது பகிடி இல்லை. 1992 ஒக்டோபரில் அமெரிக்காவில், லூசியானாவின் பேட்டன் ரூஜில், யொஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பான் மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகையில் வீடு மாறிப் போய்விட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு ‘ஃப்ரீஸ்’ என்றார். பெடியன் நிற்காமல் முன்னே வந்தான். சுட்டுவிட்டார். அந்தச் சொல் அவனுக்கு விளங்கியிருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அம்மம்மா: ஐயோ. சுட்டவனை என்ன செய்தார்கள்?

ரமணன் அண்ணா (லண்டன்): 1993இல் ஜூரி குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டது அம்மம்மா. அடுத்த வருடம் சிவில் வழக்கில் பெற்றோருக்கு 650,000 டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள்.

அம்மம்மா: காசை வைத்து அந்தத் தாய் என்ன செய்வாள்.

துவாரகன்: மாமா, கடைசியாக ஒன்று. ‘சிட் டைட்’?

பெரிய மாமா: இறுக்கி இருப்பதில்லை. ஒன்றும் செய்யாமல், பதில் வரும் மட்டும் பொறுத்திரு. விசாவுக்குப் போட்டவர்களுக்குச் சொல்வது.

கபிலன்: ஒரு வருடமாக அதுதான் மாமா செய்கிறேன்.