மறு: லேட்டன்ட் இமேஜுக்குத் தமிழ்ச்சொல் – சூல்படிமம்

எல்லாருக்கும் வணக்கம், போட்டோ சொல்லுக்கெல்லாம் தமிழ்ப் பட்டியல் போடறோம் இல்லியா, அதுல இப்ப லேட்டன்ட் இமேஜ், அதாவது வெளிச்சம் பட்டு பிலிம்ல பதிஞ்சும் கழுவற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத படம்.

டிஜிட்டல்லயே பொறந்து வளர்ந்த பசங்க இப்ப நம்ம வேலூர்லயே அப்பாவோட பழைய கேமராவத் தூசி தட்டி எடுத்துக்கினு கோட்டை அகழி ஓரமா சுத்தறாங்க, கோடக் 2018ல எக்டாக்ரோம் பிலிம மறுபடி கொண்டு வந்துச்சு, பென்டாக்ஸ் 2024ல புதுசாவே ஒரு பிலிம் கேமரா விட்டுச்சு. இனிமே இதெல்லாம் வாயில புழங்கப்போற சொல்லு, அதனால இந்த ஒண்ணுல மட்டும் கொஞ்சம் நிதானமா முடிவு பண்ணுவோம்னு கேட்டுக்கறேன்.

இதுவரைக்கும் மறைபிம்பம், உள்ளுறை படிமம் ரெண்டும் வந்திருக்கு. உள்ளுறை வெப்பம்னு பாடப்புத்தகத்துல ஏற்கெனவே இருக்கே, அதோட சேர்ந்து போகும்னு அண்ணன் சொன்னது நியாயம்தான். ஆனா எனக்கு ரெண்டுமே ஒட்டல. மறைன்னு சொன்னா முழுசா இருக்கற படத்த யாரோ மூடி வெச்சிருக்காங்கன்னு தோணுது. ஷட்டர் தெறந்து மூடற நேரத்துல வெளிச்சம் பட்ட சில்வர் புரோமைடு படிகத்துல நாலஞ்சு வெள்ளி அணு ஒண்ணா சேர்ந்து ஒரு புள்ளியா உக்காருது, நடக்கறது இவ்ளோதான். டெவலப்பர்ங்கற கழுவற மருந்த ஊத்தினப்புறம் அந்தப் புள்ளி இருக்கற படிகம் முழுசும் வெள்ளியா மாறிடுது, கோடிக்கணக்கான மடங்கு பெருகுது, புள்ளி இல்லாத படிகம் அப்படியே கிடந்து அடுத்து ஊத்தற ஹைப்போ கரைசல்ல கரைஞ்சு போயிடுது. கர்னி, மாட்னு ரெண்டு இயற்பியல்காரங்க 1938ல இதுக்கு விளக்கம் சொன்னாங்க. போட்டோகிராபி முன்னோடி டால்பட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1840லயே காகிதத்துல இந்த மாதிரி படம் பதியறதக் கண்டுபிடிச்சு புழங்க ஆரம்பிச்சுட்டாரு, அதுக்கு முன்னாடி படம் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் காகிதத்த கேமராவுக்குள்ளயே வெச்சுக்கினு காத்திருக்கணும்.

நான் சொல்றது சூல்படிமம். நம்ம பக்கம் கழனில நெல்லு சூல் கட்டியிருக்குன்னு சொல்றோம் இல்லியா, வெளிய பாத்தா வெறும் தாளுதான், தண்ட ரெண்டு விரலால அமுக்கிப் பாத்தா உள்ள கதிர் தெரண்டு நிக்கறது தெரியும், அந்த நேரம் பாத்து தண்ணி இல்லன்னா பதராப் போயிடும். பிலிம்ல இருக்கறதும் இதே நெலமைதான். வளத்து எடுத்தாதான் படம், விட்டா கெட்டுடும்.

இந்தக் கெட்டுப்போற விஷயத்தாலதான் நான் இவ்ளோ பிடிவாதமா இருக்கேன். எடுத்து முடிச்ச ரோல கழுவாம வெச்சிருந்தா, சூடும் ஈரமும் சேர்ந்தா அந்த நாலஞ்சு அணுவும் மெல்ல மெல்ல கலைஞ்சு போகும். 1897ல ஆந்த்ரேன்னு ஒரு ஸ்வீடன்காரர் பலூன்ல வடதுருவம் போகக் கெளம்பி ஆர்க்டிக்ல ஒரு தீவுல கூட வந்தவங்களோட செத்துப் போனாரு, அவங்க எடுத்த பிலிம் 1930லதான் கெடச்சுது, 33 வருஷம் கழிச்சுக் கழுவியும் படம் வந்துச்சு, பனி காப்பாத்திக் குடுத்துது. நம்ம ஊரு மே மாசத்துல சத்துவாச்சாரி மொட்டமாடி ரூம் பீரோவுல ஒரு ரோல வெச்சுட்டு அப்படி எதிர்பாக்க முடியுமா? சூல்படிமம்னு வெச்சா இதுக்கு சூல் மங்கல்னு அடுத்த சொல் தானா வந்து உக்காருது, மறைபிம்பத்துல இருந்து இத எடுக்க முடியாது.

டெவலப் பண்றதுக்கு உருத்துலக்கல்னு ஒருத்தர் போட்டிருந்தாரு. வேணாங்க. ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் ரோல் கழுவறதுன்னுதான் சொல்றாங்க, ஜனங்களும் கழுவக் குடுத்திருக்கேன்னுதான் சொன்னாங்க, அத எடுத்துட்டு வேற ஒண்ண வெக்க நமக்கு என்ன உரிமை இருக்கு. மேல்டேங்க் தண்ணி மத்தியானம் கைய வெக்க முடியாத சூட்டுல வருது, ஐஸ் கட்டி போட்ட தட்டுல டெவலப்பர் பாட்டில நிக்க வெச்சு தெர்மாமீட்டர் 20 டிகிரிக்கு எறங்கற வரைக்கும் பாத்துக்கினே உக்காந்து, டி-76 டெவலப்பர்ல ஹெச்பி5 பிலிம போட்டு ஏழரை நிமிஷம் டேங்க தலைகீழா திருப்பித் திருப்பி ஆட்டறவன் வாயில உருத்துலக்கல் வராது.

——

மறு: மறு: சூல்படிமம்

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு தடை. ஒன்று, புணர்ச்சிப்படி சூற்படிமம் என்றுதான் வரவேண்டும். இரண்டு, தாவரவியலில் சூல் என்பதற்கு ஏற்கெனவே ஒரு நிலையான பொருள் உண்டு. எங்கள் பெண் ரேடியோகிராபி படிக்கிறாள், எக்ஸ்ரே பாடத்திலும் லேட்டன்ட் இமேஜ் வருகிறதாம், பிலிமே இல்லாமல் அதற்குப் பதிலாக எக்ஸ்ரேயைப் பதிந்துகொள்ளும் பாஸ்பர் பிளேட்டுக்கும் அதே சொல்தானாம். அங்கே இது பொருந்துமா என்று பார்த்துச் சொல்லவும்.

——

மறு: மறு: மறு: சூல்படிமம்

ஐயா, வணக்கம். அதே தாவரவியல் புத்தகத்துலயே சூற்பைன்னும் இருக்கு, சூல்முடின்னும் இருக்கு, ரெண்டு மாதிரியும் பசங்க படிச்சுட்டுதான் வராங்க. புதுச் சொல்லுல சூல் தனியா கண்ணுக்குத் தெரிஞ்சாதான் அர்த்தம் புரியும், அதனால சேக்காம விட்டுடலாம்னு கேட்டுக்கறேன். பூவோட சூலும் கேமராவோட சூலும் ஒரே வரில வந்து யாரும் கொழம்பப் போறதில்ல, மேகம் சூல் கொண்டிருக்குன்னு சொல்றப்ப கூட யாரும் கொழம்பறது இல்லியே.

பாஸ்பர் பிளேட் கேள்விதான் ரொம்ப முக்கியம், நம்ம ஊர்ல கேமராவ விட எக்ஸ்ரேதான் அதிகம். அதுல எக்ஸ்ரே பட்ட இடத்துல எலக்ட்ரான் மாட்டிக்கினு நிக்குது, லேசர் காட்டினா வெளிச்சமா வெளிய வருது, ரொம்ப நேரம் விட்டா அதுவும் மங்கிப் போகுது. பொருந்துதுன்னுதான் நெனைக்கறேன். டிஜிட்டல் கேமராவோட ரா ஃபைலுக்கும் இதையே வெக்கலாம்னு யாராச்சும் கேட்டா மட்டும் ஒத்துக்க மாட்டேன், அங்க சென்சார் அந்த நொடியே அளந்து எண்ணா எழுதி முடிச்சிருது, வளர வேண்டியது ஒண்ணும் இல்ல.

ஆரணி, குடியாத்தம் பக்கம் பழைய ஸ்டுடியோ வெச்சிருந்தவங்க யாருக்காச்சும் தெரிஞ்சா கேட்டு எழுதுங்க, நாள்பட்ட ரோல கழுவறப்ப படம் மங்கலா வந்தா அவங்க வாயில என்னன்னு சொன்னாங்க? அப்படி ஒரு சொல் இருந்தா சூல் மங்கல எடுத்துட்டு அதையே பட்டியல்ல போட்டுடலாம்.