காலனி பார்க்குக்கு நாயை கூட்டிட்டு வரலாமா, வரக்கூடாதா?

சறுக்குமரம்:
எங்க தெரு முனையில சின்னதா ஒரு கார்ப்பரேஷன் பார்க் இருக்கு, சென்னைலதான். கூட்டமே இருக்காது, புங்கமரம், ஊஞ்சல், சறுக்குமரம், மணல், அவ்வளவுதான். இப்ப கொஞ்ச நாளா சாயந்தரம் ஆனா நாயை கூட்டிட்டு வந்து உள்ள அவுத்து விட்டுடறாங்க. நேத்து ஒரு லேப்ரடார் நாய் ஓடிவந்து என் பொண்ணு கையில இருந்த பிஸ்கட்டை வாயாலயே புடுங்கிடுச்சு. பல்லு படல, ஆனா நாலு வயசு புள்ள, அரை மணி நேரம் அழுகை நிக்கல. ஓனர் பெஞ்சுல உக்காந்துகிட்டே "ஒண்ணும் பண்ணாதுங்க"ன்றார். குழந்தைங்க விளையாடற இடத்துக்கு நாய் வரவே கூடாது, இதான் என் கட்சி.

டாமி வீடு:
சிஸ்டர், அவுத்து விட்டது நூறு சதவீதம் தப்பு, அதுல ரெண்டு பேச்சே கிடையாது. ஆனா வரவே கூடாதுன்னா நாங்க எங்க போறது? ரோட்டுல ப்ளாட்ஃபார்மே இல்ல, வண்டிக்காரன் ஒருபக்கம் தெருநாய் ஒருபக்கம். விலங்குகள் நல வாரியம் 2015லயே சொல்லிடுச்சு, பார்க்குல நாய்க்கு தடை போடறது சரியான வழி இல்ல, வேணும்னா நேரம் பிரிச்சுக்கோங்கன்னு. நாள் பூரா ஃப்ளாட்டுக்குள்ளயே அடைச்சு வெச்ச நாய்தான் முரடாகும்.

மூணாவது மாடி:
வாரியம் சொன்னது இருக்கட்டும் சார். 2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பக்கம் கார்ப்பரேஷன் பார்க்குல ரெண்டு ராட்வீலர் சேர்ந்து அஞ்சு வயசு பொண்ணை கடிச்சு குதறினது மறந்துபோச்சா? தலையில ஆபரேஷன் வரைக்கும் போச்சு. அந்த நாய்ங்களும் ஒரு வீட்டுல செல்லமா வளர்ந்ததுதானே.

டாமி வீடு:
மறக்கல சார். அதுக்கப்புறம்தான் லைசென்ஸ், சங்கிலி, வாய்மூடி எல்லாம் கார்ப்பரேஷன் கண்டிப்பா கேக்க ஆரம்பிச்சாங்க. என் நாய்க்கு லைசென்ஸ் இருக்கு, ரேபிஸ் ஊசி வருஷா வருஷம் போடறேன். எவனோ கட்டாம விட்டதுக்கு கட்டி கூட்டிட்டு வர்றவனை ஏன் வெளிய தள்ளணும்?

வெட்னரி கம்பவுண்டர்:
ரெண்டு பக்கமும் கொஞ்சம் கேளுங்க, நான் தினமும் நாயோடதான் இருக்கேன். குழந்தை கத்திட்டு ஓடினா சாதுவான நாயும் துரத்தும், அது கோவம் இல்ல, ஓடறதை துரத்தறது அதோட பிறவி குணம். சங்கிலி இருந்தா மட்டும் போதாது, அந்த இழுக்க இழுக்க நீளற கயிறு இருக்கே, அதை முழுசா விட்டுட்டு ஃபோன் பாத்தா கட்டாத மாதிரிதான். நாய் உதட்டை நக்குது, சும்மா சும்மா கொட்டாவி விடுது, மூஞ்சிய திருப்பிகிட்டு கண்ணோட வெள்ளை தெரியற மாதிரி ஓரமா பாக்குதுன்னா அதுக்கு பயம், உடனே தள்ளி கூட்டிட்டு போயிடணும். குழந்தையும் கேக்காம தொடக்கூடாது. அப்புறம் யாருமே பேசாத ஒண்ணு, மணல். நாய் மலத்துல உருண்டைப்புழு முட்டை இருந்தா அது மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், புள்ளைங்க அதே கையை வாயில வெக்கும். பை எடுத்துட்டு வராத ஓனர் நாயை வீட்டுலயே வெச்சுக்கட்டும். பல்லு லேசா கீறினா கூட ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்கு போங்க, மஞ்சத்தூள் வெக்காதீங்க.

சறுக்குமரம்:
மணல் விஷயம் எனக்கு தெரியாது, இப்ப இன்னும் பயமா இருக்கு. நேரம் பிரிக்கறதுன்றீங்க, லீவு விட்டா புள்ளைங்க காலைலயே வந்துடுதே, அப்ப யார் விட்டுக்குடுக்கறது? யார் வந்து கண்காணிப்பா? எங்க பார்க்குக்கு வாட்ச்மேனே கிடையாது.

டாமி வீடு:
காலைல ஏழு மணிக்குள்ள நாங்க போயிடறோம், நைட்டு எட்டுக்கு மேல வர்றோம். சாயந்தரம் முழுக்க உங்களுக்கு. மணலை சுத்தி இடுப்பளவு கம்பிவேலி கேளுங்க.

மூணாவது மாடி:
எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஒருத்தர் மீறினா மறுநாளே எல்லாரும் மீறுவாங்க. தடைன்னு போர்டு இருந்தாதான் நாம கேள்வியே கேக்க முடியும்.

சறுக்குமரம்:
வார்டு ஆபீஸுக்கு மனு எழுதறேன். வேலி, வாட்ச்மேன், அவுத்து விட்டா அபராதம், இது மூணும் இருக்கும். டாமி வீடு சார், நீங்க கையெழுத்து போடுவீங்களா?

டாமி வீடு:
மூணுக்கும் முதல் ஆளா போடறேன். நாய்க்கு அனுமதி இல்லைன்னு ஒரு வரி சேர்த்தா போட மாட்டேன்.