அமெரிக்கத் துவக்குச் சட்டமும் மெக்சிகோ கொலைகளும்

உப்புவெளியான்: பாடசாலை விவாதத்துக்குக் கேக்கிறன். மெக்சிகோவில சட்டப்படி துவக்கு வாங்கிறது சரியான கஷ்டம். பிறகு போதைக் கும்பலுக்கு எப்பிடிக் கிடைக்குது?

கொட்டியாரம்: குற்றப்பதிவு இல்லாத ஆளுக்குக் காசு குடுத்து டெக்சாஸ், அரிசோனா கடைகளில வாங்குவிப்பினம். துவக்கு வாங்கேக்க கடையில நிரப்பிற 4473 படிவத்தில "எனக்குத்தான்" எண்டு பொய்க் கையெழுத்து. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் காரில தெற்க போகும். எல்லையில துருவிப் பாக்கிறது வடக்க வாற வாகனத்தைத்தானே!

நிலாவெளி: அண்ணன், 2004ஐ விட்டிட்டீங்கள். தாக்குதல் ரகத் துவக்குகளுக்கு அமெரிக்க மத்திய அரசு போட்ட 1994 தடை அந்தச் செப்டெம்பரில காலாவதி. மெக்சிகோ எல்லை மாநிலங்களில கலிபோர்னியா மட்டும் தன்ர மாநிலத் தடையை வச்சிருந்தது. அதுக்குப் பிறகு டெக்சாஸ், அரிசோனாவை ஒட்டின மெக்சிகோ ஊர்களில கொலை, கலிபோர்னியாப் பக்கத்தை விடக் கூடுதலா ஏறினது. விவாதத்தில இதை முன்னுக்கு வையுங்கோ.

கொட்டியாரம்: ஓம். ஆனா "70 வீதம் அமெரிக்கத் துவக்கு" எண்டு அடிச்சு விடாதேங்கோ. அது மெக்சிகோவில பிடிபட்டு, எங்கயிருந்து வந்தது எண்டு தடம் பாக்க அமெரிக்காவுக்கு அனுப்பின துவக்குகளில மட்டும். எதிரணி அதிலதான் பிடிக்கும்.