வாதக் கட்டுரையில் காரணம் மட்டும் விடுபடுகிறது: வழி சொல்லுங்கள்

9ஆம் வகுப்பு, 40 பேர், 45 நிமிடப் பாடவேளை. வாதக் கட்டுரைக்கு டூல்மின் முறையைப் பின்பற்றுகிறோம்: கூற்று, சான்று, இரண்டையும் இணைக்கும் காரணம். முதல் இரண்டும் வந்துவிடுகின்றன. மூன்றாவது வருவதே இல்லை. "வீட்டுப்பாடத்தைக் குறைக்க வேண்டும். பிள்ளைகள் இரவு 11 மணி வரை எழுதுகிறார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பாடத்தில் கவனம் நிற்காது என்ற கண்ணி எங்கே? வாய்மொழி விவாதத்தில் இதே பிள்ளைகள் அதை அழகாகச் சொல்கிறார்கள், எதிரே ஒருவர் "அதனால் என்ன?" என்று கேட்பதால். தாளில் கேட்க ஆளில்லை.

"ஏனென்றால்", "இதிலிருந்து தெரிவது" போன்ற தொடக்கங்களைக் கொடுத்தோம். சான்றையே வேறு சொற்களில் திருப்பி எழுதினார்கள். மூன்று நிறங்களில் அடிக்கோடிடச் சொன்னதில் விடுபட்ட இடம் தெரிந்தது, நிரப்பத் தெரியவில்லை. ஒருவர் தாளை மற்றவர் திருத்தியது எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையோடு நின்றது. மாதிரிக் கட்டுரை வேண்டாம், அது மனப்பாடத்தில்தான் முடியும்.

பருவத்தேர்வுக்கு 6 வாரம் இருக்கிறது. எழுதும்போதே "அதனால் என்ன?" என்று மாணவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளும்படி, ஒரே பாடவேளைக்குள் முடியும் எந்தப் பயிற்சி உங்கள் வகுப்பில் பலன் தந்தது?