டைப்டெஃப்: வகைவரையறையா, புனைபெயரா?

அனைவருக்கும் வணக்கம்.

சி நிரல்மொழியில் வரும் டைப்டெஃப் (typedef) என்ற சொல்லுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் 'வகைவரையறை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு ஒரே சிக்கல்தான்: அது எதையும் வரையறுப்பதில்லை. டைப்டெஃப் புதுத் தரவு வகை எதையும் உண்டாக்காது, இருக்கும் வகைக்கு இன்னொரு பெயர் தரும், அவ்வளவுதான் என்று சி மொழியின் தரநிலையே சொல்கிறது. வரையறுக்கிற வேலை, பல தரவுகளைச் சேர்த்து ஒரு கட்டமைப்பு ஆக்கும் ஸ்ட்ரக்டுடையது (struct). ஆங்கிலச் சொல்லில் இருக்கும் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

'மறுபெயர்' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் 'மறுபெயரிடு' என்பதைக் கோப்புக்குப் பெயர் மாற்றுவதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அங்கே பழைய பெயர் போய்விடும். இங்கே இரண்டும் இருக்கும்.

என் பரிந்துரை 'புனைபெயர்'. சுஜாதா என்றாலும் ரங்கராஜன் என்றாலும் ஆள் ஒருவர்தான். பெயரை மட்டும் பார்த்து எழுதுவது பெண் என்று நினைத்தவர்களும் உண்டு. டைப்டெஃப் செய்வதும் அதேதான்: பின்னால் இருப்பது எண்ணா, கட்டமைப்பா, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியா என்று காட்டாது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் நிரல்நடைக் கையேடு, கட்டமைப்புக்கும் சுட்டிக்கும் டைப்டெஃப் வைப்பது தவறு என்று சொல்வதும் இதனால்தான். 'விபிஎஸ்_டி ஏ' என்று எழுதினால் ஏ என்னவென்று யாருக்குத் தெரியும்? 'ஸ்ட்ரக்ட் விர்ச்சுவல்_கன்டெய்னர் *ஏ' என்றால், அது ஒரு கட்டமைப்புக்கான சுட்டி என்று நட்சத்திரக் குறியைப் பார்த்ததும் புரிகிறது. பிடிஇ_டி (pte_t) என்ற கர்னல் வகை போல, உள்ளே இருப்பதை வேண்டுமென்றே மறைக்கும் இடங்கள் முதலான சிலவற்றுக்குக் கையேடு விலக்கு தருகிறது. யு32 (u32, 32 பிட் முழு எண்) மாதிரியான எண் வகைகளிலும் தொல்லை இல்லை.

சுட்டிக்கு வைக்கும் புனைபெயர்தான் இருப்பதிலேயே மோசம். ஒருமுறை அப்படிப்பட்ட பெயருக்கு முன்னால், மாற்றக்கூடாது என்று சொல்லும் கான்ஸ்ட் (const) போட்டுவிட்டு, தரவு மாறாது என்று நிம்மதியாக இருந்தேன். மாறியது. கான்ஸ்ட் சுட்டியோடு ஒட்டிக்கொண்டதே தவிர, அது காட்டும் தரவைத் தொடவில்லை. நட்சத்திரக் குறி கண்ணில் பட்டிருந்தால் எனக்கு அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி, ஜோடி தயாராக இருக்கிறது. ஸ்ட்ரக்டுக்குப் பக்கத்தில் எழுதும் அதன் சொந்தப் பெயரான டேக்தான் (tag) 'இயற்பெயர்'. பழைய டிரைவர்களில் (வன்பொருளை இயக்கும் நிரல்களில்) டைப்டெஃபை எடுத்துவிட்டு ஸ்ட்ரக்ட் பெயரையே போடும் பேட்ச்களுக்கு (நிரல் திருத்தங்களுக்கு), 'புனைபெயரை நீக்கி இயற்பெயர் இடல்' என்று ஒரே வரியில் தலைப்பு எழுதிவிடலாம்.

சரி, இடிக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். டேக்கே இல்லாமல், டைப்டெஃபுக்குள்ளேயே அடைப்புக்குறி திறந்து எழுதிய கட்டமைப்புகள் ஏராளம். புனைபெயர் உண்டு, இயற்பெயர் கிடையாது. அவற்றுக்கு முதலில் ஒரு டேக் சூட்டினால்தான், அந்தப் புனைபெயர் வரும் மற்ற இடங்களில் கை வைக்க முடியும். இதை 'பெயரிலிக் கட்டமைப்பு' என்று சொல்லலாமா? அனானிமஸுக்கு வலைப்பதிவுக் காலத்திலிருந்தே 'பெயரிலி' புழக்கத்தில் இருப்பதால் கேட்கிறேன். வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.