‘ஆலமரத்து வீடு’ வாட்ஸ்அப் குழுவில் சேற்றுச் சத்தம்

கயல்: அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் நாங்கள் தயாரிக்கும் ஒலி நாடகத்தில், நடவு முடிந்த வயலில் ஒருவர் இரவில் கால் புதையப் புதைய நடந்து வருவதும், குளத்தங்கரையில் ஒரு விந்தையான உயிரினம் முட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளிவருவதும் அடுத்தடுத்த காட்சிகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பதிவுகள் யாரோ பாத்திரம் கழுவுவது போலவே கேட்கின்றன. வீட்டுப் பொருள்களைக் கொண்டே இந்தச் சொதசொதப்பை உண்டாக்க முடியுமா, இளங்கோ மாமா?

பெரியப்பா: நம் ஊரில் வயல் இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கம்மா சேறு? கைப்பேசியுடன் வரப்பில் போய் நின்றால் முடிந்தது.

இளங்கோ மாமா: அண்ணா, வயலில் காற்றும் சில்வண்டும் எங்கோ ஓடும் பம்புசெட்டும் காலடியைவிட உரக்கப் பதிவாகிவிடும். நாங்கள் படங்களுக்கு எஃபெக்ட்ஸ் எனும் பின்னணிச் சத்தங்களை எடுக்கும் கூடத்தில் மணல், சரளை, கல், மரம் என்று தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருப்பதும், படத்தைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் நடந்து காலடியைப் பதிவு செய்வதும் இதனால்தான். பேசும்படம் வந்த புதிதில், 1920களின் இறுதியில், யுனிவர்சல் நிறுவனத்தில் இந்த முறையை வளர்த்தெடுத்த ஜாக் ஃபோலியின் பெயரால் இன்றும் இதை ஃபோலி என்கிறோம்.

இளங்கோ மாமா: கயல், உன் பதிவுகள் ஏன் பாத்திரம் கழுவுவது போல இருக்கின்றன என்பதை முதலில் பார். ஈரம் தானாகச் சத்தம் போடாது. திரவத்தில் சிக்கிய காற்றுக் குமிழ் அதிர்வதையும், ஒட்டிக்கொண்ட இரண்டு பரப்புகள் பிரியும்போது காற்று உள்ளே பாய்வதையும்தான் நாம் ஈரமான சத்தமாகக் கேட்கிறோம். மினார்ட் என்ற இயற்பியலாளர் 1933இல் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார்: தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் வினாடிக்கு ஏறத்தாழ 3,260 முறை அதிரும், ஆரம் மூன்று மடங்கானால் அதிர்வு மூன்றில் ஒரு பங்காகும். குழாய்த் தண்ணீரின் சிறு குமிழ்கள் கீச்சுக் குரலில் ஒலிப்பதும், கெட்டியான கூழில் மாட்டிய பெரிய குமிழ் ‘புளுக்’ என்று அடிக்குரலில் வெடிப்பதும் இதனால்தான். எனவே உனக்கு வேண்டியது தண்ணீர் அன்று, காற்றைப் பிடித்து வைக்கும் கெட்டிப் பொருள்.

செல்வி அத்தை: அப்படியென்றால் உளுந்து மாவு எப்படித் தம்பி? வடைக்கு ஆட்டிய மாவைத் தண்ணீரில் கிள்ளிப் போட்டால் மிதக்கும்வரை கையால் அடிக்கிறோமே, அது முழுக்கக் காற்றுதானே?

இளங்கோ மாமா: அக்கா, எங்கள் கூடத்துக்கு உங்களை அழைத்துக்கொள்ள வேண்டும். விரல்களைக் குவித்து அந்த மாவுக்குள் மெல்ல அழுத்தி, சற்றே திருகி வெளியே இழுத்தால், முட்டைக்குள் உயிரினம் நெளியும் சத்தம் அப்படியே கிடைக்கும்.

மீனா சித்தி: வெண்டைக்காயை நறுக்கி ஊறவைத்தால் கொழகொழவென்று வருமே, அது உதவாதா?

இளங்கோ மாமா: என் அனுபவத்தில் வெண்டைக்காயின் கொழகொழப்பு கண்ணுக்குத்தான் அதிகம், காதுக்குக் குறைவு. அந்த நீரை உள்ளங்கைகளில் தடவி, அழுத்தி, மைக்குக்கு அருகே மெதுவாகப் பிரித்தால் நூல் நூலாக ஒரு மெல்லிய பிசுபிசுப்பு கேட்கும். மாவுச் சத்தத்தின்மேல் அதைப் பூச்சாகச் சேர்க்கலாம். அதைவிட, கார் துடைக்கும் ஷாமி துணியை நனைத்துப் பிசைவது எப்போதும் கைகொடுக்கும். கூடத்தில் என் பையில் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

கயல்: சேற்றில் நடக்கும் காட்சிக்கு என்ன செய்வது, மாமா?

இளங்கோ மாமா: அகன்ற பிளாஸ்டிக் டப்பை எடுத்துக்கொள், எவர்சில்வர் என்றால் கணீரென்று காட்டிக்கொடுத்துவிடும். தடித்த பழைய துண்டை நனைத்து மடித்து அதில் போட்டு, ஆறிய மைதாக் கஞ்சியைக் கெட்டியாக ஊற்று. காலால் நடக்காமல் கையால் நட: உள்ளங்கையின் அடிப்பகுதியே குதிகால், விரல்களே முன்பாதம். சேற்றில் கால் இறங்குவதைவிடக் கால் பிடுங்கிக்கொண்டு எழுவதுதான் கேட்பவர் மனத்தில் நிற்கும் என்பதால் அந்த இழுப்பை அவசரப்படுத்தாதே. இறங்கும் ‘பொத்’, அழுந்தும் ‘சளக்’, பிடுங்கும் ‘புளுக்’ ஆகியவற்றைத் தனித்தனியே பலமுறை பதிவு செய்து, ஒவ்வோர் அடிக்கும் வெவ்வேறு பதிவுத் துண்டுகளைக் கோத்துக்கொள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் மனிதர் நடப்பதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

மீனா சித்தி: முட்டையிலிருந்து அது வழுக்கி விழும் இடத்துக்கு?

இளங்கோ மாமா: ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் உலோக மனிதன் கம்பிகளுக்குள் புகுந்து வருவானே, அங்கே கேட்பது தகர டப்பாவிலிருந்து நாய் உணவு சரிந்து விழும் சத்தம். 1991இல் வெளிவந்த அந்தப் படம் ஒலிக்காக ஆஸ்கர் வாங்கியதில் அந்த டப்பாவுக்கும் பங்குண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். உள்ளே இருப்பது சரியும்போது அதன் பின்னால் காற்று புகுந்தாக வேண்டும். அந்தத் திணறல்தான் சத்தம். நம் வீட்டில் குறுகலான டம்ளரில் கடல்பாசியை உறையவைத்துக் கவிழ்த்தால் போதும், கெட்டித் தயிரும் ஆகும்.

பெரியப்பா: பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுங்கள், தம்பி. பிள்ளை பாதி கேட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

இளங்கோ மாமா: மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் நின்றிருக்க வேண்டும். குளியலறை எதிரொலிக்கும், மெத்தையும் போர்வையும் உள்ள படுக்கையறை நல்லது. கைப்பேசி ஒரு சாண் தூரத்தில் பக்கவாட்டில் இருந்தால் துளிகள் தெறிக்கா. உயிரினம் பெரிதாகத் தோன்ற வேண்டுமென்றால் பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டு. சத்தம் ஒரு ஸ்தாயி இறங்கி, கைப்பிடி மாவு யானை அளவு மாமிசமாகிவிடும்.

செல்வி அத்தை: பெட்டியை நிறுத்தினால் மறக்காமல் போட்டுவிடு கயல், பால் திரிந்துவிடும்.

கயல்: சரி அத்தை. மாமா, எடுத்தவற்றை இந்தக் குழுவிலேயே அனுப்பலாமா?

இளங்கோ மாமா: குரல் செய்தியாக அனுப்பாதே, வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், நாம் பாடுபட்டுப் பிடித்த மெல்லிய பிசுபிசுப்புதான் முதலில் காணாமல் போகும். ஒலிப்பதிவுச் செயலியில் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாக எடுத்து, ஆவணமாக இணைத்து எனக்குத் தனியே அனுப்பு.